வீரைக் கொப்பில் ஒரு குழை

தேத்தண்ணி குடிக்காமல் கலீலுர் றஹ்மானுக்கு மூளை வேலை செய்யாது. பத்துப் பேருக்கு முன்னால் இதை அவரே ஒப்புக்கொள்வார். அன்றைக்குப் பகல் ஒன்றரை மணியாகியும் ஒரு மிடறு உள்ளே போகவில்லை. இடுப்பைச் சுற்றி நாலு இடத்தில் உண்ணி கடித்துத் தடித்திருந்தது. வாய்க்காலைக் கடக்கும்போது தண்ணீர் குடித்த மோட்டார் சைக்கிள், இரண்டு மைலுக்கு அப்பால் ஒரு முதிரை மரத்தில் சாய்ந்து கிடந்தது. காலை முழுக்க அவர் துரத்திய ஒரே துப்பும் சற்று முன்னர்தான் பல்லைக் காட்டிவிட்டு மரத்தில் ஏறியிருந்தது.

"உங்களைப் பாத்துத்தான் இளிக்குது, சேர்," என்றான் கோணாமலை.

"பேசாம இரு."

"நான் அப்பவே சொன்னனான். குரங்குக்கு என்னத்துக்குப் பைனாக்குலர்? அதுக்கு எங்களைவிட நல்ல கண்பார்வை."

கோணாமலை அவரிடம் சேர்ந்து ஒன்பது வருடம். முன்பு மூதூர்த் துறையில் லோஞ்சுக்கு டிக்கட் கிழித்தவன். வாய் மட்டும் இன்னும் அங்கேயே நின்று சனத்தைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. கலீல் பொலிஸில் சார்ஜனாக இருந்து, மேலே இருந்த ஒருவரோடு கொழுவிக்கொண்டு தொப்பியைக் கழற்றி வைத்தவர். தொப்பி போனாலும் துப்பு போகவில்லை என்று ஊரில் சொல்லுவார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை அதுவும் போய்விட்டதோ என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

விசயம் இதுதான். எழுபத்து நாலாம் ஆண்டு மாசி மாதம். ஈச்சிலம்பற்றுக் காட்டுக்குள் ஒரு சின்ன அருவி. அதன் பக்கத்தில் திருகோணமலைத் துறைமுக ஊழியர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் பொழுதுபோக்குச் சங்கத்தின் முகாம். மூன்று கூடாரம், தகரம் போட்ட ஒரு குசினி, அவ்வளவுதான். அருவி என்று பெயரே தவிர, மாரி முடிந்தால் இரண்டு ஆள் உயரத்திலிருந்து தண்ணீர் விழும், சித்திரையில் அதுவும் இல்லை. "எங்கட வீட்டுப் பீலி இதைவிடப் பலமா ஊத்தும்," என்று கோணாமலை வந்ததும் வராததுமாகச் சொல்லிவிட்டான்.

சனிக்கிழமை அங்கே வந்து இறங்கியவர்கள் மூன்று பேர். துறைமுகச் சிக்னல் கோபுரத்தில் வேலை செய்யும் லெஸ்லி, அவருடைய மனைவி கிறிஸ்டின், சங்கத்தின் செயலாளர் தம்பிராசா. லெஸ்லிக்குக் குருவி பார்க்கும் பைத்தியம். அந்தப் பைத்தியத்தில், கோபுரத்து ஆணியில் தொங்கிய அரசாங்கப் பைனாக்குலரை யாரிடமும் கேட்காமல் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அது சனிக்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, ஆண்கள் கண்ணயர்ந்திருந்ததாகச் சொன்ன நேரத்தில் கூடாரக் கம்பத்திலிருந்து காணாமல் போயிற்று. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் லெஸ்லி கலீலைக் கூப்பிட்டு அனுப்பினார்.

பழி விழுந்தது முகாம் காவற்காரர் ஆதம்பாவாவின் தலையில். பன்னிரண்டு வருடமாக அந்தக் குசினியில் சமைத்து, அங்கேயே படுத்து எழும்பும் மனிதர். அடுத்த வெள்ளிக்கிழமை மூதூரில் அவருடைய மகள் ஸாலிஹாவுக்கு நிக்காஹ். தம்பிராசா காலையிலேயே ஆள் அனுப்பிப் பொலிசுக்குச் சொல்லிவிட்டார். நாலு மணிக்கு ஜீப் வரும். அந்த ஜீப்பில் ஆதம்பாவா ஏறினால் வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வரமாட்டார்கள். இது கலீலுக்குத் தெரியும், ஆதம்பாவாவுக்கும் தெரியும்.

தேத்தண்ணி கிடைக்காததற்கும் அதுதான் காரணம். ஆதம்பாவா விடியற்காலை அடுப்பை அணைத்தவர், பிறகு மூட்டவே இல்லை. குசினி வாசலில் கிடந்த மரக்குற்றியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"காக்கா, ஒரு பிளேன்டீ மட்டும்," என்று, மூத்தவரை அழைக்கும் முறையில் கலீல் நாலாவது தடவையாகக் கேட்டுப் பார்த்தார்.

"கள்ளன்ட கையால குடிக்கப் போறீங்களா, தம்பி?"

"நான் உங்களக் கள்ளனெண்டு சொல்லல்லயே."

"இல்லையெண்டும் இன்னும் சொல்லல்ல."

கலீலுக்குச் சுருக்கென்றது. மனிதர் சொன்னது சரிதான். கூடாரங்களைப் புரட்டியாயிற்று, குசினியில் அரிசிப் பெட்டி வரை துழாவியாயிற்று. தெருப் பக்கம் போகும் வழியில் காட்டிலாகாக் கடவை. அதைத் தாண்டி யாரும் போகவில்லை என்று அங்கிருந்தவர் அடித்துச் சொன்னார். கீழே அருவி விழுந்து தேங்கும் குண்டுப் பக்கம் கிறிஸ்டின் அந்த நேரம் முழுக்க உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். முதலில் கலீலுக்கு அவள்மேலும் ஒரு கண் இருந்தது. புருசனின் குருவிப் பைத்தியம் அவளுக்கு அறவே பிடிக்காது.

"நான் எடுத்திருந்தா லோஞ்சிலை வரேக்கையே கடலுக்கை எறிஞ்சிருப்பன்," என்று அவள் முகத்துக்கு நேரே சொன்னாள். "இவ்வளவு தூரம் காவிக்கொண்டு வந்து ஒளிக்க எனக்கென்ன விசரே?"

அதில் நியாயம் இருந்தது. மிஞ்சியது ஒரே ஒரு வழி: குசினிக்குப் பின்னால் அருவியின் தலைப்புக்கு ஏறும் ஒற்றையடிப் பாதை. அது ஆதம்பாவா விறகு வெட்டப் போகும் பாதை. தம்பிராசா காலையிலிருந்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். "எங்களுக்கு அந்தப் பாதை எங்கை போகுதெண்டே தெரியாது. இந்த முழங்காலோடை எனக்கு ஏறவும் ஏலாது." முழங்காலில் துணி சுற்றி, எண்ணெய் பூசி, ஒரு தடியும் கையில் வைத்திருந்தார்.

"வா, மேல போய்ப் பாப்பம்," என்று கலீல் எழும்பினார்.

பாதை தொடங்கி முப்பதடி போனதும் ஒரு வீரை மரம். கைக்கெட்டும் உயரத்தில் கவர்விட்ட கொப்பு ஒன்று பாதைக்கு மேலாக நீட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கவரில், இலையோடு முறித்த ஒரு குழை கிடந்தது.

கலீல் நின்றுவிட்டார். அந்தப் பக்கத்துக் காடுகளில் பழகியவர்களுக்கு அது புதினமில்லை. காட்டுக்குள் கால் வைக்கும் தமிழ்ச் சனம் வழியில் ஒரு குழையை முறித்து, மரக்கொப்பில் பிள்ளையாருக்கென்று போட்டுவிட்டுத்தான் உள்ளே போகும். யானை, கரடி அண்டாமல் அவர் பார்த்துக்கொள்வார். முகாமின் தெருவாசலில் உள்ள பாலை மரத்தில் அப்படி ஒரு குவியலே கிடந்தது.

"கோணாமலை!" கலீல் கொப்பைச் சுட்டிக் காட்டினார். "ஆதம்பாவாக் காக்கா பிஸ்மி சொல்லிப்போட்டுத்தான் காட்டுக்க போவார். குழை போடுற வழக்கம் அவருக்கு இல்ல. இந்தப் பாதையில வேற ஆரும் வாறதில்லையெண்டு எல்லாரும் சொல்றாங்க. அப்ப இது ஆர் போட்டது?"

கோணாமலை காலால் மண்ணைக் கிளறினான்.

"ஆர் போட்டது, சொல்லு!"

"நான்தான், சேர்."

"என்ன?"

"காலமை வந்தவுடனை வயித்தைக் கலக்கிச்சுது. ஒதுங்குறதுக்கு இதாலை போனனான். காட்டுக்குள்ளை சும்மா போகேலுமோ? அதுவும் அப்பிடியான அலுவலுக்கு."

அந்தக் கணத்தில் அவனைத் தூக்கி அருவிக்குள் போடக் கலீலுக்கு மனம் வந்தது. தண்ணீர் காணாது என்பதால் விட்டார். விறுவிறென்று மேலே ஏறினார்.

அருவியின் தலைப்பில், பாறை ஓரமாக ஆதம்பாவா அடுக்கி வைத்த விறகு. கலீல் கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து எறிந்தார். அரைவாசிக்கு வந்ததும் உடுத்துப் பழசான நீலக்கட்டச் சாரம் ஒன்றின் முனை தெரிந்தது. இழுத்தார். உள்ளே பைனாக்குலர்.

"கிடைச்சிட்டுது!" என்று கோணாமலை குதித்தான். பிறகு சேரின் முகத்தைப் பார்த்துக் குதிப்பதை நிறுத்தினான்.

"இது ஆருடைய சாரம்?"

"ஆதம்பாவா நானாவின்ரை. குசினிக் கொடியிலை இதுக்குச் சோடியொண்டு காயுது."

கலீல் பாறையில் பொத்தென்று உட்கார்ந்தார். ஆதம்பாவாவின் பாதை, ஆதம்பாவாவின் விறகு, ஆதம்பாவாவின் சாரம். பொலிஸ் வந்து கண்டுபிடிக்க வேண்டியதை அவரே வேர்த்து விறுவிறுத்துக் கண்டுபிடித்திருந்தார். இவ்வளவு கெட்டித்தனமாக ஒரு நிரபராதியை மாட்டிவிட்ட துப்பறிவாளன் இந்த மாவட்டத்திலேயே இருக்கமாட்டான் என்று நினைத்தபோது ஆத்திரத்தில் கண் கலங்கிவிட்டது.

கோணாமலை மெல்லக் கேட்டான். "பேசாமல் கீழை கொண்டுபோய், குரங்கு விட்டிட்டுப் போனதெண்டு சொன்னால் என்ன?"

"சொல்லலாம். லெஸ்லிக்குச் சாமான் கிடைச்சிரும். எனக்குக் கூலியும் கிடைக்கும். ஆனா காக்காதான் பயந்து திருப்பி வைச்சாரெண்டு அந்தாளுகள் சாகுமட்டும் கதைக்கும். வெள்ளிக்கிழமை அந்தக் கதை கலியாண வீட்டுக்கும் போயிரும்."

சாரத்தோடு சுருட்டி, பைனாக்குலரைக் கோணாமலையின் தோளில் தொங்கிய பனையோலை உமலுக்குள் போட்டுக்கொண்டு இறங்கினார்கள். மணி மூன்று. வீரை மரத்தடிக்கு வந்ததும் கலீலுக்குப் பழைய கோபம் திரும்ப ஏறியது.

"இவ்வளவு காடு கிடக்கு! உனக்குக் குழை போட இந்த மரமா கிடைச்சது? என்ட நெஞ்சு ஒரு நிமிசம் பூரிச்சுப்போய் நிண்டது தெரியுமா?"

"நானென்ன செய்ய, சேர்? கண்ட கண்ட மரத்திலை போடக் கூடாது. முந்திப் போட்டது கிடக்கிற கொப்பிலைதான் போடவேணும். அதுதான் வழக்கம்."

கலீல் அப்படியே நின்றார்.

"முந்திப் போட்டது?"

"ஓம். ஏற்கெனவே ஒண்டு கிடந்தது. அதுக்கு மேலைதான் நான் போட்டனான்."

"இத ஏன்டா முதல்லயே சொல்லல்ல?"

"ஆர் போட்டதெண்டுதானே கேட்டனீங்கள். எத்தினை கிடக்குதெண்டு கேக்கேல்லையே!"

கலீல் எட்டிக் கொப்பை வளைத்தார். கோணாமலையின் பச்சைக் குழைக்கு அடியில் இன்னொன்று கிடந்தது. இலை தொய்ந்து சோர்ந்திருந்தது, ஆனால் காயவில்லை. ஒரு நாள் வெயில் பட்ட குழை. அதற்கு முன்பு போட்ட சருகு ஒன்றும் அந்தக் கவரில் இல்லை.

"நேத்து," என்றார் கலீல். "நேத்துப் பகல் ஒராள் இதால போயிருக்கார். களவெடுத்த சாமானக் கக்கத்துக்க வைச்சுக்கொண்டு போற அவசரத்திலயும், குழை போடாமக் காட்டுக்க போக அவருக்குக் கால் வரல்ல."

"அப்ப தம்பிராசா ஐயாதான். கிளிவெட்டிப் பக்கத்து ஆள், இந்த வழக்கமெல்லாம் தெரியும். வேறை ஆர்?"

"அவசரப்படாத. தெருவாசல்ல அவர் சொல்லிக் குடுத்து லெஸ்லியும் மிஸிசும்கூடப் போட்டவங்களாம். குழையில பேர் எழுதியிருக்கா? பொலிசுக்கு இதக் காட்டினா என்னையும் சேத்து ஏத்திக்கொண்டு போவான்."

பிறகு சற்று நேரம் கொப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். கோணாமலைக்கு அந்தப் பார்வை தெரியும். அது தேத்தண்ணி குடித்த பிறகு வருகிற பார்வை. இன்றைக்குக் குடிக்காமலே வந்திருந்தது. கலீல் கையை உயர்த்தி இரண்டு குழைகளையும் எடுத்துத் தன் சேட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

"ஐயோ சேர்! என்ன வேலை செய்யிறியள்? சாமிக்குப் போட்டதை எடுக்கக் கூடாது! கரடி வரும்!"

"திருப்பி வைப்பம். ஒரு மணித்தியாலம் எனக்காகப் பொறுக்கச் சொல்லிக் கேளு. உன்ட ஆள்தானே?"

"நான் கேக்கமாட்டன். நீங்களே கேளுங்கோ," என்று கோணாமலை கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

முகாமில் எல்லாரையும் கூப்பிட்டார் கலீல். "பொலிஸ் வர முதல் மேல விறகடுக்கிற இடத்த ஒருக்காப் போய்ப் பாப்பம். எல்லாரும் சாட்சியா வாங்க."

தம்பிராசாவின் முகம் மலர்ந்தது. "நான் விடியத் துவக்கம் அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறன்! முழங்கால் கொல்லுது, எண்டாலும் நியாயத்துக்காக வாறன்." தடியை ஊன்றிக்கொண்டு எல்லாருக்கும் முந்தி எழும்பினார். ஆதம்பாவா கடைசியில் எழும்பினார். யார் முகத்தையும் அவர் பார்க்கவில்லை.

வீரை மரத்துக்கு வந்ததும் கலீல் கையைக் காட்டி நிறுத்தினார். "காட்டுக்க போறம். உங்கட வழக்கப்படி குழை போடுறவங்க போடுங்க. பிறகு கரடி வந்தா என்னைக் குறை சொல்லப்படாது."

லெஸ்லி கைக்குக் கிடைத்த எதையோ முறித்தார். எங்கே போடுவதென்று சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற பற்றைக்கு மேலே வைத்தார். கிறிஸ்டின் தன்னுடையதையும் அவர் கையில் கொடுத்து, "எனக்கும் சேத்து வையுங்கோ," என்றாள். இருவரும் அந்தக் கொப்பை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

தம்பிராசா வந்தார். செருப்பைக் கழற்றினார். பதமாக ஒரு வீரைக் குழையை முறித்தார். கண்ணை மூடி முணுமுணுத்தார். கை நேரே அந்தக் கவருக்கு உயர்ந்தது. அங்கேயே நின்றது.

கண்ணைத் திறந்தார். கொப்பைப் பார்த்தார், நிலத்தைப் பார்த்தார், மறுபடி கொப்பைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

"இதிலை கிடந்த குழை எங்கை?"

தம்பிராசா எல்லாரையும் சுற்றிப் பார்த்தார்.

"ஆர் எடுத்தது? பிள்ளையாருக்குப் போட்டதிலை கை வைக்கிறதோ! காட்டுக்குள்ளை நிண்டு செய்யிற வேலையோ இது?" குரல் உச்சத்துக்குப் போயிற்று. கோணாமலை இரண்டடி பின்னால் போனான்.

"எத்தின கிடந்தது, ஐயா?" என்று கலீல் பணிவாகக் கேட்டார்.

"ஒண்டு! இந்தக் கவரிலை, நல்ல வீரைக் குழை ஒண்டு!"

"இல்லையே. இரண்டு கிடந்தது." கலீல் சேட்டுக்குள் கையை விட்டு இரண்டையும் எடுத்தார். "இந்தப் பச்சை, காலையில கோணாமலை போட்டது. இண்டைக்கு வந்தவர் எவரும் இரண்டெண்டுதான் சொல்லுவார். ஒண்டு மட்டும் கிடந்தது நேத்து. இந்தப் பாதை எங்க போகுதெண்டே தெரியாத உங்களுக்கு, நேத்து இதில ஒண்டு கிடந்தது எப்பிடித் தெரியும்?"

தம்பிராசாவின் கையிலிருந்த குழை நழுவி விழுந்தது. அவர் குனிந்து அதை எடுக்கப் போனார். துணி சுற்றிய முழங்கால் சிறு பிள்ளையினுடையதைப் போல இலகுவாக மடங்கியது. கிறிஸ்டின்தான் அதை முதலில் கவனித்து, "அட கர்த்தரே," என்றாள்.

கலீல் உமலை வாங்கிச் சாரத்தை அவிழ்த்துப் பைனாக்குலரை லெஸ்லியிடம் நீட்டினார். "விறகுக்குள்ள இருந்தது. கொடியில காய்ஞ்ச சாரத்தில சுத்தி, பொலிஸ் வந்து எடுக்கட்டுமெண்டு பக்குவமா வைச்சிருந்தது."

"ஏன் தம்பிராசா?" லெஸ்லி பைனாக்குலரை வாங்கிக்கொண்டே கேட்டார். "ஏன் இப்பிடி?"

தம்பிராசா மரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மச்சான் ரெண்டு வருசமா வேலையில்லாமல் வீட்டிலை இருக்கிறான். இந்த இடம் காலியானால்... அவ்வளவுதான்."

ஆதம்பாவா முன்னால் வந்தார். அவர் சத்தம் போடவில்லை. "நேத்துப் பகல் முழங்கால் நோகுதெண்டீங்க. நான் எண்ணெய் சுடவைச்சு என்ட கையால தேச்சுவிட்டேனே, ஐயா. அதுக்குப் பொறகா போனீங்க, முந்தியா?"

தம்பிராசா குழையைக் கையில் வைத்துக்கொண்டு, போடவும் தெரியாமல் எறியவும் தெரியாமல் நின்றார். கோணாமலை சேரின் கையிலிருந்த இரண்டையும் வாங்கி, மெல்லக் கொப்பில் பழையபடி வைத்தான்.

ஜீப் சொன்னபடி நாலு மணிக்கு வந்தது. அதில் வந்த சார்ஜனிடம் தம்பிராசாவே வாயால் எல்லாவற்றையும் சொல்லவேண்டி வந்தது. கலீல் பக்கத்தில் நின்று ஒரு வார்த்தையும் தவறாமல் பார்த்துக்கொண்டார். பைனாக்குலர் வந்த வழியை லெஸ்லியும் சொல்லித் தீரவேண்டியிருந்தது. ஜீப் தம்பிராசாவை ஏற்றிக்கொண்டு போன பிறகு கலீல் குசினி வாசலுக்கு வந்தார்.

"காக்கா," என்றார் கலீல். தொண்டை வறண்டிருந்தது. "இப்ப சொல்றன். நீங்க கள்ளனில்ல. இனி அந்தத் தேத்தண்ணி..."

ஆதம்பாவா மரக்குற்றியில் போய் உட்கார்ந்தார். மடியிலிருந்த நெருப்புப்பெட்டியை எடுத்து லெஸ்லியிடம் நீட்டினார்.

"விடியக் காலத்தால இருந்து இந்தக் குற்றியில இருக்கன், ஐயா. பன்னெண்டு வருசமா உங்களுக்கு ஊத்தினவன். நீங்களும் உங்கட நோனாவும் என்னைப் பாத்துக்கொண்டுதான் நிண்டீங்க. இண்டைக்கு நீங்க ஊத்துங்க."

லெஸ்லி நெருப்புப்பெட்டியை வாங்கிக்கொண்டு குசினிக்குள் போனார். ஏழு குச்சி வீணாகி, குசினி முழுக்கப் புகை மண்டி, கிறிஸ்டின் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஊதி, ஒரு மாதிரியாகத் தண்ணீர் கொதித்தது. கலீல் வாசலில் நின்று கேத்தலையே பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பனுக்குக் கிடைத்த சீனி போதாமல் ஊரே பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்த காலம் அது. கிறிஸ்டின் தன் பெட்டியைத் திறந்து, இரண்டு நாளுக்கென்று துணியில் முடிந்து கொண்டுவந்திருந்த சீனி முழுவதையும் ஒரே கோப்பையில் கொட்டினாள்.

அந்தக் கோப்பையைக் கலீல் கையை நீட்டி வாங்கப் போனார். அவள் அவரைத் தாண்டிப் போய், இரண்டு கையாலும் பிடித்து ஆதம்பாவாவிடம் கொடுத்தாள்.

ஆதம்பாவா ஒரு மிடறு குடித்தார். எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் அவசரப்படவில்லை. இன்னொரு மிடறு குடித்தார்.

"சீனி காணாது," என்றார்.